பார்த்ததை மட்டும் சொன்னவர்

1982 மார்ச்சில் வந்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. குவைத்தில் நர்ஸாக இருந்த என் அக்கா அம்மாவுக்கு எழுதியது. நலம் விசாரிப்புக்குப் பிறகு இப்படிப் போகிறது: "பாஸ்போர்ட்டுக்கு அஞ்சு வருஷம் முடியப்போவுது. புதுப்பிக்கக் குடுத்திருக்கேன். நான் பொறந்தப்ப காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்ததால, ஊர்ல விசாரிச்சிட்டுத்தான் தருவாங்களாம். போலீஸ்காரர் வந்தா காபி குடுத்து நல்லபடியாப் பேசி அனுப்புங்க. பாஸ்போர்ட்டு இல்லாம அக்காமா போட மாட்டாங்க. அக்காமா போச்சுன்னா வேலையும் போச்சு."

அக்காமா என்பது அந்த நாட்டில் குடியிருக்கக் கொடுக்கும் அனுமதி. அக்காவுடையது ஆகஸ்டு மாதத்தோடு முடிவதாக இருந்தது. போலீஸ்காரர் மே மாதம் வந்தார். அம்மா காபி கொடுத்தாள், நல்லபடியாகத்தான் பேசினாள். காரியத்தைக் கெடுத்தவர் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். அவரைப் பற்றித்தான் இது. பெயரைச் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. அந்தப் பெயரைக் கையால் எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பிரெஞ்சுக் காலத்துக் கோர்ட்டில் சம்மன், ஜப்தி கொண்டுபோகிற அமீனாவாகச் சேர்ந்து, ஊர் இந்தியாவோடு இணைந்த பிறகும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. அறுபது தாண்டியும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிப்பார். அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. அவர் வீட்டு முன்னால் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட் ஒன்று உண்டு. இரண்டு முழங்கைகளையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார். முழங்கை படும் இரண்டு இடங்களிலும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். கோவில்பத்திலிருந்து டவுன் ஆபீஸ்களுக்குச் சைக்கிளில் போகிற நாங்கள் எல்லோரும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"தம்பி, நேத்து ஒன் ரூம்புல லைட்டு ரொம்ப நேரம் எரிஞ்சிது."

"படிச்சிக்கிட்டிருந்தேன் மாமா."

"படிச்சியா என்னாங்கிறது எனக்குத் தெரியாது. எரிஞ்சதப் பாத்தேன்."

இதுதான் அவர் பேச்சு. பார்த்ததைச் சொல்வார். பார்த்ததற்கு ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் பொய் சொன்னதாக இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், அவருக்கு ஆகாதவர்களிடமும்.

என் அப்பா அவரைப் புகழ்ந்தவர். 1971-இல் ஒரு லாரி முதலாளியின் மகன் பைக்கில் வந்து ஒரு தயிர்க்காரரை இடித்துத் தள்ளிவிட்டான். பார்த்தவர்கள் நிறைய. கோர்ட்டில் பார்த்ததைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். முதலாளி ஆள் அனுப்பினார், கெஞ்சினார், மிரட்டினார். இவர் அசையவில்லை. "ஊர்ல ஒரு நாக்காவது சுத்தமா இருக்கே" என்று அப்பா சாப்பிடும்போது சொன்னது என் காதில் இருக்கிறது. அப்பா பொதுப்பணித் துறையில் கணக்கர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று ஊர்வலம் போன கூட்டத்தில் கொடி பிடித்தவர். 1975-இல் இறந்துபோனார். அந்த நாக்கு அவர் மகளுக்கு என்ன செய்தது என்பதைப் பார்க்க அவர் இல்லை.

அதே நாக்கு 1974-இல் எங்கள் தெரு வாத்தியார் மகளுக்குச் செய்ததை மட்டும் அப்பா பார்த்தார். சுரக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிற வழியில் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது வழக்கம்தானே. மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டருகில் நின்றார்.

"பொண்ணு எப்படிங்க?"

"நல்ல பொண்ணு. தல குனிஞ்சி போவும், தல குனிஞ்சி வரும்."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"போன வருஷம் ஒரு மாசம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்துச்சி. பஸ்ல ஏறினதப் பாத்தேன், எறங்கினதப் பாத்தேன். எதுக்குன்னு நான் கேக்கல. கேக்கிறது மொறையில்ல பாருங்க."

அவள் போனது தாய்க்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது துணைக்கு இருக்க. தெருவில் எல்லோருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். இவர் மனைவிதான் அந்த ஒரு மாதம் வாத்தியாருக்குச் சோறு பொங்கிக் கொடுத்தது. சுரக்குடிக்காரர்கள் திரும்பி வரவில்லை. வாத்தியார் கேட்டருகில் போய் நின்று கேட்டார். பதில் என்ன தெரியுமா? "போவலையா சார்? ஆஸ்பத்திரிக்குப் போவலையான்னு கேக்கறேன்."

அன்றைக்கு அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நெடுநேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இவரை நேருக்கு நேர் மடக்கிய ஒரே ஆள் பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெண். பெரிய குரல், வெற்றிலை வாய். ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி அம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இவர் கேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நேத்து சாயங்காலம் இதே கூடைய பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், தங்கச்சி. பாத்ததச் சொல்றேன்."

அம்மா கையிலிருந்த வஞ்சிரத்தைக் கீழே வைத்துவிட்டாள். மீன்காரப் பெண் மெல்லத் திரும்பினாள்.

"பாத்தீங்களா ஐயா? கூடையப் பாத்தீங்க. கூடைக்குள்ள என்னா இருந்துச்சி?"

"அத நான் பாக்கல."

"எம் புருஷன் லுங்கி இருந்துச்சி. டைலர்கிட்ட ஓரம் அடிக்கக் கொண்டாந்தேன். அடுத்த தடவ கொஞ்சம் குனிஞ்சி பாருங்க, அதையும் சேத்து ஊருக்குச் சொல்லலாம். ஏங்கம்மா, கண்ணு ரெண்டும் நல்லாத்தான் வச்சிருக்கான் கடவுளு. அதுக்கு மேல ஒண்ணு வைக்கணும்ல, அங்கதான் அவன் கை காஞ்சிபோச்சி போலிருக்கு."

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "கூட அதே கூடதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அமீனா வேலைதான் அவரை இப்படி ஆக்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். வாசலில் நின்று கண்டதை எழுதிக் கொடுத்தே பழகியவராம். நான் ஏற்கவில்லை. வேறு இரண்டு அமீனாக்களை எனக்குத் தெரியும். இருவரும் சாதாரண மனிதர்கள். வேண்டிய இடத்தில் பொய் சொல்லுவார்கள், வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

இனி 1982. விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள், எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, முறைப்படி அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று வெளியே வந்தார். கேட்டில் யார் நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நடந்த பேச்சைப் பின்னால் அந்தக் கான்ஸ்டபிளே டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார்.

"குவைத்துல இருக்கிற நர்ஸம்மா இந்த ஊருதானுங்களே?"

"ஊருதான். ஞானஸ்நானத்துக்கு நானே போயிருந்தேன்."

"இந்தியக் குடிமகதானே?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? அறுவத்தி மூணு ஜனவரியில, பொங்கல் கழிச்சி, அவங்கப்பா ஒப்சியோன் ஆபீஸுக்குப் போனதப் பாத்தேன்."

"எழுதிக் குடுத்தாரா?"

"அத நான் பாக்கல."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் ஊரை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அதைத்தான் ஒப்சியோன் என்பார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். தகப்பன் எழுதிக் கொடுத்தால் வயது வராத பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர்கள். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. அப்பா எழுதிக் கொடுத்திருந்தால் அவள் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டே இருக்கக் கூடாது. கேட்டில் நின்றவருக்கு இது அத்தனையும் மனப்பாடம்.

ஜூனில் அக்காவின் அடுத்த கடிதம் வந்தது. குடியுரிமையில் சந்தேகம் என்று ஊரிலிருந்து அறிக்கை போயிருக்கிறதாம். பாஸ்போர்ட்டைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "யாரு இப்புடி எழுதினாங்கன்னு விசாரி" என்று எனக்குத் தனியாக ஒரு வரி. அப்போதுதான் நான் கான்ஸ்டபிளைத் தேடிப் பிடித்தேன். பிறகு அம்மாவிடம் வந்தேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்பா ஒப்சியோன் ஆபீஸுக்குப் போனாராம்மா?"

அம்மா நிமிர்ந்தாள். "போனாரு. எவன் சொன்னான்?"

சொன்னேன். கீரை முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அவனா? அவங்கூடத்தாண்டா போனாரு! பிரான்சுக்காரனா ஆயிட்டா மவனப் பாரிசுக்கு அனுப்பலாம்னு அவனுக்கு ஆச. தனியாப் போவ பயம். நம்ம வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, 'செத்த கூட வாங்க, ஒரு தைரியத்துக்கு'ன்னு இழுத்துக்கிட்டுப் போனான். உள்ள போயி அரமணி நேரம் நின்னுட்டு, கையெழுத்துப் போட மனசு வராமத் திரும்பி வந்தான் பேடிப் பய. ஒங்கப்பா வெளியில பெஞ்சில ஒக்காந்திருந்தாரு."

"பெஞ்சிலதான் இருந்தேன்னு அப்பா சொன்னாரா?"

"இத வேற சொல்லணுமாக்கும்? அவருக்கு உள்ள என்னா வேல?"

அன்று மாலையே கேட்டருகில் போய் நின்றேன்.

"மாமா, அப்பா அந்த ஆபீஸுக்கு யாரோட போனாரு?"

முழங்கைகளைக் கேட்டிலிருந்து எடுத்தார். "என்னோட."

"கான்ஸ்டபிள்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு கேக்கலையே."

"அக்கா வேல போவுது மாமா. நாலு மாசம் கழிச்சிச் சொல்லிப் பிரயோசனம் இல்ல. வந்து மீதியையும் சொல்லுங்க."

"தம்பி, நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய்யின்னு காட்டு. இப்பவே வந்து ஒங்கம்மா கால்ல வுழுறேன்."

"பொய்யின்னு நான் சொல்லலையே. பாதின்னு சொல்றேன்."

"முழுசு ஆண்டவருக்குத்தான் தெரியும். அவரத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்புடணும்."

எனக்குக் கை ஓங்கியது. ஓங்கிய கையால் சைக்கிள் மணியை அடித்துவிட்டு வந்தேன்.

அம்மா அப்படி விடுகிறவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கி முடித்து, கோயில் வாசலில் கூட்டம் கலையும் நேரத்தில், அவர் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, நன்மை வாங்கின நாக்கு இன்னும் காயல. இப்ப சொல்லுங்க. எங்க வூட்டுக்காரர அந்த ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு?"

கூட்டம் நின்றது. அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நாந்தான், தங்கச்சி."

"பிரான்சுக்காரனாவணும்னு போனது யாரு?"

கொஞ்சம் தாமதமாக, "நாந்தான்" என்றார். அத்தனை ஆண்டுகளும் அது ஊருக்குத் தெரியாது. பங்குச் சாமியார்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இத போலீஸுல சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா ஹாண்டில்பாரை விட்டாள்.

ஜூலையில் ஸ்டேஷனில் மறுபடி வாக்குமூலம் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதிகாரி நல்ல மனிதர். இதை எப்படியாவது சரிசெய்து அனுப்பிவிட வேண்டும் என்றே இருந்தார். என் சைக்கிள் கேரியரில் ஏறமாட்டேன் என்று சொல்லி, கஞ்சி போட்ட சட்டையில் வெயிலில் நடந்தே வந்தார் எங்கள் தெருக்காரர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆபீஸுக்குப் போக நினைத்தவன் நான். இவர் அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டவன் நான். அவர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன். நான் வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் இருந்தார். இருவரும் வீட்டுக்கு வந்தோம்.

எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார். "சரியா இருக்குங்களா? கையெழுத்துப் போடுங்க. பாவம், அந்தப் பொண்ணு வேல பொழைக்கட்டும்."

அவர் பேனாவை வாங்கினார். தாளை ஒருமுறை படித்தார், கண்ணாடி இல்லாமல். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சேத்துக்குங்க. நான் உள்ள இருந்த நேரம் முழுக்க அவரு பெஞ்சிலயேதான் ஒக்காந்திருந்தாராங்கிறத நான் பாக்கல."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

அதை யாரும் கேட்கவில்லை. கான்ஸ்டபிள் கேட்கவில்லை என்பதால் மே மாதம் பாதியை விழுங்கியவர், ஜூலையில் யாரும் கேட்காத ஒன்றைத் தானாக எடுத்து வைத்தார். அவர் உண்மைக்குக் கட்டுப்பட்டவர் என்று ஊரில் இன்றும் என்னிடம் வாதாடுகிறவர்களுக்கு நான் இந்த ஒரு இடத்தைத்தான் காட்டுவது. உண்மை அவர் கையில் இருந்தது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது அவர் இஷ்டம். கோயில் வாசலில் அம்மா அவரைத் திறக்க வைத்ததற்கு அவர் பதில் அது.

அந்த ஒரு வரியோடு அறிக்கை போனது. சந்தேகம் நீங்கவில்லை. நான் பாண்டிச்சேரிக்கு அலைந்தேன். எழுதிக் கொடுத்தவர்களின் பட்டியலில் அப்பா பெயர் இல்லை என்று பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து பதில் வாங்க அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் அக்காவின் அக்காமா முடிந்து, ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டு, ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒரு தாளோடு செப்டம்பரில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு புதுப்பித்து வந்தது. குவைத்துக்கு மறுபடி எழுதிப் பார்த்தாள். அதே வேலை கிடைக்கவில்லை. காரைக்காலிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வேலை போனதால், அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை இடமும் கை நழுவிப் போயிற்று. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவள் வந்து இறங்கிய அன்று நான் கூட இருந்தேன். மாயவரம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வாடகைக் கார். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தோம். கேட்டிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியாம்மா?"

அக்கா திரும்பினாள். மூன்று வீட்டுத் தூரம் நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். பயணத்தில் கசங்கிய புடவை, கலைந்த முடி.

"வந்துட்டேன் மாமா. நல்லாப் பாத்துக்குங்க. ஒரு பெட்டிதான் எறங்குது. அழுதுக்கிட்டு வரல. நாளைக்கு யாராச்சும் கேட்டா, கொறையாமச் சொல்லணும் பாருங்க."

அவர் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார். "ஒடம்பு எளச்சிப் போச்சே" என்றார். அக்கா திரும்பி வந்து பெட்டியின் மறுபுறத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

1987-இல் அவர் இறந்தார். அம்மாவும் அக்காவும் போகவில்லை. நான் போனேன். கல்லறையில் சாமியார், வாழ்நாள் முழுவதும் ஒரு பொய்கூடப் பேசாத மனிதர் என்று பிரசங்கம் செய்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

"சாமியாரு எந்தத் தெருவுல குடியிருக்காரு?" என்றாள் அம்மா.

அவரைப் பற்றி என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். அவருக்குச் சாதகமான ஒன்றையும் நான் மறைக்கவில்லை. லாரி முதலாளி மகன் வழக்கு நடந்தது உண்மை. ஆனால் 1963 ஜனவரியைப் பற்றி நான் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. அந்த வாரம் அதே ஆபீஸில் எழுதிக் கொடுத்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒருவருக்கு எதுவும் நினைவில் இல்லை. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மற்றவர், அப்பா உள்ளே மேசையருகில் நின்றதாக ஞாபகம் என்றார். சற்று யோசித்து, அது அப்பாவோடு வந்தவராகவும் இருக்கலாம், இருவரும் ஒரே உயரம் என்றார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. அப்பா கையெழுத்துப் போடவில்லை என்பது உறுதி. ஊர்வலத்தில் கொடி பிடித்த அவர், அந்த அரை மணி நேரத்தில் பெஞ்சை விட்டு எழுந்து உள்ளே போய்ப் பார்த்தாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.